அப்பா அனுப்புவதெல்லாம் பயமுறுத்தும் ஃபார்வர்டாகவே இருப்பது ஏன்?

பெருந்துறைப் பொண்ணு கேட்டது:

வணக்கம். சண்டை மூட்டுவதற்காகப் போடும் பதிவு இல்லை இது. நிஜமாகவே புரியாமல் கேட்கிறேன்.

அப்பா அரசுப் போக்குவரத்துக் கழகத்தில் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். ஈரோடு டவுன் பஸ்ஸில் பல வருடம், கடைசியில் திருப்பூர் ரூட். கூட்ட நெரிசலில் யாரோ நீட்டுகிற நோட்டைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் விரலால் தடவிவிட்டு, "இது வேண்டாம், வேற குடுங்க" என்பார். பழைய பாஸை வைத்துக்கொண்டு ஏறும் காலேஜ் பையன் படியில் கால் வைக்கும்போதே கண்டுபிடித்துவிடுவார். லேசில் ஏமாற்ற முடியாத ஆள்.

அந்த மனிதர்தான் காலை ஆறு மணிக்குக் குடும்பக் குரூப்பில் இப்படிப் போடுகிறார்: "வீட்டு வாசலில் சுண்ணாம்பால் வட்டம் போட்டிருந்தால் அன்று இரவு திருட்டுக் கும்பல் வரும். காவல்துறை எச்சரிக்கை. அனைவருக்கும் பகிரவும்." முந்தின நாள், போர்வை விற்க வருகிறவர்கள் முகத்தில் மயக்கப் பொடி ஊதுகிறார்களாம். அதற்கு முந்தின நாள், ஏ.டி.எம்.மில் பணம் எடுப்பதற்கு முன் கேன்சல் பட்டனை இரண்டு தடவை அழுத்த வேண்டுமாம், பின் நம்பர் திருடு போகாதாம். பிளாஸ்டிக் முட்டை வருடம் தவறாமல் வந்துவிடுகிறது.

நான் சென்னையில். தம்பி ஓசூரில். ஊரை ஒட்டின வீட்டில் அப்பாவும் அம்மாவும் மட்டும். இரண்டு பக்கமும் காலி சைட். ராத்திரி எட்டு மணிக்கு விவாத நிகழ்ச்சி ஆரம்பித்தால் பத்து வரைக்கும் அதே. போனில் பேசும்போது பின்னால் நாலு பேர் கத்துவது கேட்கும். அம்மா "சத்தத்தைக் கொஞ்சம் கொறைங்க" என்பதும் கேட்கும்.

நான் ஒவ்வொரு தடவையும் அது பொய் என்று ஆதாரத்தோடு லிங்க் அனுப்புகிறேன். பதிலுக்கு ஒரு கும்பிடு போட்ட கை வரும். மறுநாள் அடுத்த ஃபார்வர்டு. ஒருமுறை குரூப்பிலேயே மறுத்தேன். பெரியப்பா உள்ளே வந்து, "ஏஞ்சாமி, உங்கப்பன் நாலு பேரு நல்லா இருக்கோணும்னுதான போடறான்" என்றதோடு பேச்சு முடிந்துவிட்டது.

படிப்பு பத்தலை, வயசாயிடுச்சு என்று மட்டும் பதில் போடாதீர்கள். அது இல்லை என்று எனக்குத் தெரியும். ஏன் எல்லாமே பயமாகவே இருக்கிறது? ஒரு நல்ல செய்தியாவது ஏன் இந்த வேகத்தில் வருவதில்லை?

மருந்துக்கடை எழுதியது:

திருநெல்வேலிப் பக்கம் கடை வச்சிருக்கேன். பாராசிட்டமால்ல 'பி-500' னு போட்டிருந்தா அதுல மச்சுப்போ வைரஸ் இருக்கு, மாத்திரை ரொம்ப வெள்ளையா பளபளன்னு இருக்கும், தொடாதீங்கன்னு ஒரு ஃபார்வர்டு சுத்துச்சே, ஞாபகம் இருக்கா? அப்போ வந்தவங்க பாதிப் பேரு போனை நீட்டி, "இது இல்லாம வேற குடுங்க அண்ணாச்சி"ன்னாங்க. காய்ஞ்ச மாத்திரைக்குள்ள வைரஸ் எப்படி உயிரோட இருக்கும்னு ஆரம்பத்துல வெளக்கம் சொன்னேன். எல்லாரும் நல்லா தலைய ஆட்டுவாங்க. ஆட்டிட்டு, "இருக்கட்டும், வேற கம்பெனி குடுங்க." ரெண்டுமே ஐநூறு மில்லிகிராம் பாராசிட்டமால்தான். கடைசில வாயத் தொறக்காம வேற அட்டைய எடுத்துக் குடுக்க ஆரம்பிச்சேன். வரிசைல ஆள் நிக்கும்ல.

லிங்க் வேலைக்காகாதும்மா. ஏன்னு மட்டும் எனக்குச் சொல்லத் தெரியல.

பழைய டெஸ்க் எழுதியது:

நாளிதழ் ஒன்றின் மாவட்டப் பதிப்பு டெஸ்க்கில் உட்கார்ந்தே தலை நரைத்தவன் நான். உளவியலுக்குப் போகும் முன் தொழில் பக்கத்திலிருந்து ஒன்று சொல்லிவிடுகிறேன்.

டீக்கடை வாசலில் தட்டியில் தொங்குமே செய்தித்தாள் போஸ்டர், அதற்கு வாசகம் எழுதுவது தனி வேலை. செய்தி நன்றாக எழுதுகிறவனுக்கு அது வராது. நாலைந்து வார்த்தைக்குத்தான் இடம். ஓடுகிற பஸ்ஸின் ஜன்னலோரம் இருப்பவன் படித்து முடித்துவிட வேண்டும், ஆனால் முழு விஷயம் தெரிந்துவிடவும் கூடாது. சேர்ந்த புதிதில் "குளித்தலையில் பெண் கொலை" என்று எழுதிக்கொண்டு போனேன். சீனியர் சிவப்பு மையால் ஊர்ப்பெயரை அடித்துவிட்டு, "தனியாக இருந்த பெண் கொலை" என்று மாற்றினார். ஏன் சார் என்று கேட்டேன். "ஊரைப் போட்டா குளித்தலைல மட்டும்தான்யா விக்கும்" என்றார்.

அப்பாவின் ஃபார்வர்டுகளை இந்தக் கண்ணோடு திரும்பப் படியுங்கள். எதிலாவது ஊர் இருக்கிறதா? "நமது பகுதியில்" என்று இருக்கும். பெருந்துறையில் படித்தால் அது பெருந்துறை, பரமக்குடியில் படித்தால் பரமக்குடி. தேதி இருக்கிறதா? "நேற்று இரவு" என்று இருக்கும். இரண்டு வருடம் கழித்து வந்தாலும் அதே நேற்று இரவு. எழுதியவன் எவனோ, போஸ்டர் எழுதத் தெரிந்தவன்.

இது விற்கிறவன் பக்கம். வாங்குகிறவர் ஏன் வாங்குகிறார் என்பதுதானே உங்கள் கேள்வி. அதற்கு 1934க்குப் போக வேண்டும், பீகாருக்கு.

அந்த வருடம் ஜனவரி 15 பிற்பகலில் பீகாரையும் நேபாளத்தையும் பெரிய நிலநடுக்கம் உலுக்கியது. பத்தாயிரம் பேருக்கு மேல் செத்துப்போனார்கள். அதற்குப் பிறகு ஜனங்கள் வாயில் புழங்கிய வதந்திகளை ஜமுனா பிரசாத் என்ற உளவியலாளர் பொறுமையாகத் திரட்டி வைத்தார். 18, 19 தேதிகளில் பாட்னாவில் கடும் புயல் அடிக்கும். நேபாள எல்லையிலிருந்து மதுபனியைப் பார்த்து வெள்ளம் வருகிறது. சந்திர கிரகணத்தன்று மறுபடி பூமி ஆடும். ஜனவரி 23 ஆகாத நாள், என்னென்னமோ நடக்கும். இப்படியே போகும் பட்டியல்.

கவனிக்க வேண்டிய விஷயம், இவை புழங்கிய இடம். வீடு இடிந்து பிணம் எடுத்த ஊர்கள் இல்லை. நடுக்கம் நன்றாகத் தெரிந்தும் சேதம் எதுவும் ஆகாத ஊர்கள். 1950களில் லியோன் ஃபெஸ்டிங்கர் என்ற அமெரிக்க உளவியலாளர் கைக்கு இந்தக் கட்டுரை வந்தபோது, அவருக்கும் உங்கள் சந்தேகம்தான். தப்பித்தவன் நிம்மதியாக இருக்காமல், தன்னையே மேலும் பயமுறுத்தும் கதையை எதற்காகக் கட்டிக்கொள்கிறான்? அவர் கண்ட பதில் தலைகீழானது. கதை வந்து பயம் வரவில்லை. பயம் ஏற்கெனவே வந்துவிட்டது. தரை ஆடியது, நெஞ்சு அடித்துக்கொள்கிறது. சுற்றிப் பார்த்தால் ஒரு ஓடுகூடச் சரியவில்லை. இவ்வளவு பயந்ததற்கு ஒரு முகாந்திரம் வேண்டாமா? வருகிற புயல் அந்த முகாந்திரம்.

இதற்கு நேர் எதிரான சாட்சியும் உண்டு. டார்ஜிலிங்கில் நிலச்சரிவு நடந்தபோது துர்கானந்த் சின்ஹா என்ற இன்னொரு உளவியலாளர் இதே போல வதந்திகளைச் சேகரித்தார். அங்கே மக்கள் சேதத்தைக் கண்ணால் பார்த்தவர்கள். அவர்களிடம் "இதைவிடப் பெரிசு வரப்போகுது" என்ற வகை வதந்தி எழவில்லை. அவர்கள் பயத்துக்குக் காரணம் கண்ணெதிரே கிடந்தது, புதிதாக ஒன்றைத் தேட வேண்டியிருக்கவில்லை. பிரசாத் திரட்டிய வதந்திகளை வைத்து யோசித்ததில் முளைத்ததுதான் ஃபெஸ்டிங்கர் 1957இல் வெளியிட்ட மன முரண் கோட்பாடு. மனதில் இருக்கும் இரண்டு விஷயம் ஒன்றோடொன்று ஒத்துப்போகாவிட்டால், ஒத்துப்போக வைக்கும் காரணத்தை மனம் தேடிக்கொள்ளும் என்பது அதன் சாரம்.

(கிளைக்கதை ஒன்று. அதே ஜனவரி 24ஆம் தேதி காந்தி திருநெல்வேலியில் இருந்தார், ஹரிஜனச் சுற்றுப்பயணத்தில். பீகார் நிலநடுக்கம் தீண்டாமைப் பாவத்துக்குக் கடவுள் தந்த தண்டனை என்று அங்கே பேசினார். தாகூர் அதை மறுத்து எழுதினார். அந்த மறுப்பைக் காந்தி தன் 'ஹரிஜன்' இதழிலேயே அச்சிட்டார். இன்றைக்கு எந்த சேனல் தன் முதலாளியை மறுப்பதைத் தானே ஒளிபரப்பும், சொல்லுங்கள்.)

சரி, அப்பாவுக்கு வருகிறேன். முப்பது வருடம் தினம் நூற்றுக்கணக்கான முகத்துக்கு நடுவில் நின்றவர். இப்போது வீட்டில் இரண்டு பேர், இரண்டு பக்கமும் காலி சைட். பிள்ளைகள் இரண்டு ஊரில். "எனக்கு ராத்திரியானா பயமா இருக்கு சாமி" என்று மகளிடம் சொல்லக்கூடிய வாய் அந்தத் தலைமுறை ஆண்களுக்கு இல்லை. "காவல்துறை எச்சரிக்கை" என்று சொல்ல முடியும். நீங்கள் அனுப்பும் லிங்க், சுண்ணாம்பு வட்டம் பொய் என்கிறது. பன்னிரண்டு மணிக்கு நாய் குரைத்தால் யார் எழுந்து போய்ப் பார்ப்பது என்பதற்கு அதில் பதில் இல்லை. அதனால்தான் கும்பிடு.

அதற்காகப் பாவம் பெரியவர் என்று விட்டுவிடவும் சொல்ல மாட்டேன். 2018 மே மாதம் போளூர் பக்கத்தில் அத்திமூரில் என்ன நடந்தது? குலதெய்வக் கோயிலுக்குப் போன குடும்பம், வழி கேட்கக் காரை நிறுத்தியது. அங்கிருந்த குழந்தைகளுக்கு சாக்லேட் கொடுத்தார் 65 வயது அம்மா. குழந்தை கடத்துகிறவர்கள் என்று ஊரே கூடி அடித்ததில் அந்த அம்மா செத்துப்போனார். அந்த நாட்களில் நாடு முழுக்கச் சுற்றிய கடத்தல் வீடியோ கராச்சியில் எடுத்த விழிப்புணர்வுப் படம். குழந்தையைத் திருப்பிக் கொண்டுவந்து விட்டு, அட்டையைத் தூக்கிக் காட்டும் கடைசிப் பகுதியை மட்டும் எவனோ வெட்டிவிட்டான். அந்த ஜூலையில்தான் வாட்ஸ்அப் இந்தியாவில் ஒரு செய்தியை ஐந்து பேருக்கு மேல் ஒரே நேரத்தில் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி கட்டுப்படுத்தியது. அத்திமூரில் அடித்தவர்களும் தங்கள் பிள்ளைகளைக் காப்பாற்றுவதாக நினைத்துத்தான் அடித்தார்கள்.

தோட்டத்துக்காரன் எழுதியது:

பெரியவர் நல்லாத்தான் சொல்றாருங்க. ஆனா 1934, பீகாருன்னு எங்கெங்கயோ போயிட்டு, பக்கத்துல இருக்கறத உட்டுட்டாருங்க.

நான் கொடுமுடிப் பக்கம். 2024 நவம்பர்ல பல்லடத்துக்கிட்ட சேமலைகவுண்டம்பாளையத்துல தோட்டத்து வீட்டுல இருந்த வயசான புருசன் பொண்டாட்டியையும் மகனையும் கொன்னு போட்டாங்க. 2025 மே மாசம் சிவகிரிகிட்ட இன்னொரு தோட்டத்து வீடு, அங்கயும் வயசான ரெண்டு பேரு. பேப்பர்ல வந்துச்சு, டிவில வந்துச்சு. எங்க ஊர்ல அதுக்கப்புறம் பொழுது எறங்குனா கேட்டைச் சாத்திக்கறோமுங்க. போலீஸ்காரங்க தோட்டம் தோட்டமா வந்து கேமரா போடுங்க, தனியா இருக்கற பெரியவங்க நம்பரைக் குடுங்கன்னு கேட்டு எழுதிட்டுப் போனாங்க.

எங்கம்மா தோட்டத்துலதான் இருப்பேன்னு ஒத்தக்கால்ல நிக்குது. மாட்டை யாரு பாக்கறதுங்குது. நான் தெனமும் ராத்திரி கட்டிலத் தூக்கிட்டு அங்க போயிப் படுத்துக்கறேன்.

அந்தத் தங்கச்சியோட அப்பாவுக்கு வந்தது முகாந்திரமில்லாத பயமில்லீங்க. சுண்ணாம்பு வட்டம் வேணும்னா பொய்யா இருக்கட்டும்.

வெண்பலகை எழுதியது:

மதுரையில் கல்லூரியில் அரசியல் பாடம் எடுக்கிறேன். பழைய டெஸ்க் ஐயாவின் விளக்கம் அழகு, ஆனால் ரொம்ப மென்மை. எல்லாவற்றையும் அப்பாக்களின் தனிமையில் கொண்டுபோய் வைத்துவிட்டால், இதை உட்கார்ந்து தயாரிக்கிறவன் தப்பித்துவிடுவான்.

2023 மார்ச்சை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்களைத் தேடித் தேடி அடிக்கிறார்கள் என்று வீடியோக்கள் பறந்தன. ஒன்று திருப்பூரில் பீகார்த் தொழிலாளர்களுக்குள்ளேயே நடந்த மோதல். இன்னொன்று கோவையில் உள்ளூர்க்காரர்களுக்கு இடையே நடந்த தகராறு. டி.ஜி.பி. சைலேந்திரபாபு பொய் என்று அறிவித்தார். பீகார் அரசு அதிகாரிகள் குழுவை இங்கே அனுப்பிப் பார்த்தது. பீகார் சட்டமன்றத்தில் அதற்குள் அமளி நடந்து முடிந்துவிட்டது. ஹோலி சமயம் வேறு. ரயில் நிலையத்தில் ஊருக்குப் போக நின்ற கூட்டத்தைப் படம் பிடித்து, அதையும் "தப்பி ஓடுகிறார்கள்" என்று போட்டார்கள்.

இதில் யாருடைய மன முரண் இருக்கிறது? அரசியல் லாபம் இருக்கிறது, யூடியூப் வருமானம் இருக்கிறது. அதற்கு முன்பு ஜனவரியில், வடமாநிலத் தொழிலாளர்கள் தமிழர்களைத் துரத்துவதாக ஒரு திருப்பூர் வீடியோ இங்கே சுற்றியதையும் மறக்க வேண்டாம். அதை அனுப்பியவர்கள் நம் ஆட்கள்.

யார் சரிபார்ப்பது என்பதும் லேசான கேள்வி இல்லை. தமிழக அரசு 2023இல் தகவல் சரிபார்ப்பகம் தொடங்கியது. ஒன்றிய அரசு தன்னைப் பற்றிய செய்திகளில் எது பொய் என்று தானே தீர்மானிக்க விதி கொண்டுவந்தது. 2024 செப்டம்பரில் பம்பாய் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அரசே நடுவராக இருந்தால், அரசுக்குப் பிடிக்காததெல்லாம் பொய்யாகிவிடும் ஆபத்து இருக்கிறது. மாநில அரசு செய்தாலும் எனக்கு அதே சந்தேகம்தான்.

பெருந்துறைப் பொண்ணு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. தோட்டத்துக்காரர் அண்ணா, நீங்கள் சொன்னதைப் படித்துவிட்டு உடனே வீட்டுக்குப் போன் போட்டேன்.

நேரடியாகக் கேட்டால் பேச மாட்டார் என்று தெரியும். அதனால் ஏ.டி.எம்.மில் ஆரம்பித்தேன். "ஏப்பா, கேன்சல் பட்டனை ரெண்டு தடவ அழுத்தற கதைய நீங்க நம்பறீங்களா?" என்றேன். "நம்பறதென்ன, அழுத்துனா கையி தேஞ்சா போயிரும்? நீ ராத்திரில எடுக்கற ஆளு" என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, ஒரு மாதிரியாகவும் இருந்தது.

சுண்ணாம்பு வட்டத்தைப் பற்றிக் கேட்டதும் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டார். அம்மாதான் சொன்னாள். பின்பக்கத்து லைட் பீஸ் போய்ப் பல நாளாச்சாம். எலக்ட்ரீசியன் வரேன் வரேன் என்கிறானாம். அப்பா ராத்திரி எழுந்து டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுப் பார்த்துவிட்டுப் படுக்கிறாராம். இதை ஏன் முன்னாடியே சொல்லவில்லை என்று கேட்டேன். "நீங்க அங்கிருந்து என்ன பண்ணுவீங்க" என்றாள். தம்பி இந்த ஞாயிற்றுக்கிழமை போகிறான். ஃபார்வர்டு நின்றதா என்றால், இல்லை. இன்று காலையும் ஒன்று வந்தது.

இன்னொரு சந்தேகம். பத்து ரூபாய் நாணயம் செல்லாது என்று ஒரு வதந்தி ஓடியதே, அப்போது அப்பா சர்வீஸில் இருந்தார். அவரும் வாங்க மாட்டார். செல்லும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும், என்னிடமே சொல்லியிருக்கிறார். தெரிந்தும் வாங்க மாட்டார். இது எந்தப் பயத்தில் சேரும்?

பழைய டெஸ்க் எழுதியது:

முதலில் தோட்டத்துக்காரருக்கு. நீங்கள் சொன்ன இரண்டு சம்பவத்திலும் ஊர் இருக்கிறது, மாதம் இருக்கிறது, இறந்தவர்கள் யார் என்பது இருக்கிறது. அந்தப் பயத்தால் நீங்கள் கட்டிலைத் தூக்கிக்கொண்டு அம்மாவிடம் போகிறீர்கள். போலீஸ் நம்பர் எழுதிக்கொண்டு போகிறது. கேமரா வருகிறது. சுண்ணாம்பு வட்டத்தை நம்பினால் என்ன செய்வது? வாசலைப் பார்ப்பது, இல்லாவிட்டால் போர்வை விற்க வந்த இந்திக்காரப் பையனை நாலு பேர் சேர்ந்து பிடித்து வைப்பது. பெருந்துறை அப்பாவுக்கு இரண்டும் கலந்து இருக்கிறது என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. நிஜச் சம்பவம் பக்கத்து ஊர்களில் நடந்தது, நடுக்கம் இங்கே தெரிகிறது, வீடு இடியவில்லை. பிரசாத் கணக்கெடுத்த ஊர்கள் மாதிரிதான்.

பத்து ரூபாய் நாணயம் நல்ல கேள்வி, அது வேறு ஜாதி. ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில், அதுவரை வந்த 14 வடிவங்களும் செல்லும் என்று தெளிவாக அறிக்கை விட்டது. நாங்களும் போட்டோம், பெட்டி கட்டி. வங்கிக்காரர் பேட்டி, கலெக்டர் பேட்டி எல்லாம் போட்டோம். ஒரு பிரயோசனமும் இல்லை. ஏனென்றால் அது செல்லாது என்று யாருமே நம்பவில்லை. "எனக்குத் தெரியும், அடுத்தவன் வாங்க மாட்டான்" என்று எல்லோரும் நினைத்தார்கள். அப்பா ஒரு பாசஞ்சரிடம் வாங்கினால் அதை இன்னொரு பாசஞ்சருக்கு மீதி கொடுக்க வேண்டும். அவன் முறைப்பான். பின்னால் ஐம்பது பேர் டிக்கெட்டுக்கு நிற்பார்கள். டிப்போவில் கட்டலாமே என்றால், பை நிறைய நாணயத்தோடு போய் கேஷியரிடம் யார் வாங்கிக் கட்டிக்கொள்வது? அவர் நிலைமையில் நானும் வாங்கியிருக்க மாட்டேன். பொய்யை ஒருத்தர்கூட நம்பாமலே அது ஊர் முழுக்க ஆட்சி நடத்தியது. நான் டெஸ்க்கில் பார்த்த வதந்திகளிலேயே மலைத்துப்போனது அதைப் பார்த்துத்தான்.

டேவிசன் என்ற சமூகவியலாளர் 1983இல் இதைப் பற்றி எழுதினார், மூன்றாம் நபர் விளைவு என்பார்கள். ஊடகம் என்னைப் பெரிதாக ஒன்றும் செய்யாது, மற்றவர்களைத்தான் கெடுக்கும் என்று ஒவ்வொருவரும் நினைப்பது. அந்த நினைப்பில் நாம் செய்கிற காரியம்தான் கடைசியில் ஊடகத்தின் விளைவாகிவிடுகிறது. "கையி தேஞ்சா போயிரும்" என்றாரே, அங்கே அப்பா மாட்டிக்கொண்டார் பாருங்கள். அவர் நம்பவில்லை. நீங்கள் ராத்திரியில் ஏ.டி.எம். போகிறவர், அதனால் அனுப்புகிறார். அந்தக் குரூப்பில் பாதிப் பேர் இப்படித்தான் என்று நினைக்கிறேன். நல்ல செய்தி ஏன் வருவதில்லை என்று கேட்டீர்களே, அதற்கும் இதிலேயே பதில் இருக்கிறது. மழை நன்றாகப் பெய்தது என்று அனுப்பாவிட்டால் யாருக்கும் நஷ்டமில்லை. எச்சரிக்கையை அனுப்பாமல் விட்டு, நாளைக்கு உங்களுக்கு ஏதாவது ஆகிவிட்டால்?

வெண்பலகை அவர்களே, தயாரிக்கிறவனை நான் தப்ப விடவில்லை. போஸ்டர் கதையை எதற்குச் சொன்னேன்? ஆனால் உங்கள் 2023 உதாரணத்திலேயே என் பக்கமும் இருக்கிறது. மொழி தெரியாத ஊரில், ஷெட்டில் பத்துப் பேராகத் தங்கியிருக்கும் பையன், பனியன் கம்பெனி சூப்பர்வைசர் திட்டும்போதெல்லாம் உள்ளுக்குள் நடுங்கியிருப்பான். அந்த நடுக்கத்துக்கு அந்த வீடியோ காரணம் கொடுத்தது. இங்கே, "வடக்கன் வந்து வேலையைப் பிடுங்கிட்டான்" என்று புழுங்குகிறவனுக்கு ஜனவரி வீடியோ காரணம் கொடுத்தது. பயம் எங்கே தேங்கி நிற்கிறது என்று பார்த்துத்தான் இந்த வியாபாரிகள் கடை போடுகிறார்கள். வெறும் இடத்தில் போட்டால் ஓடாது.

டி.ஆர்.பி., அதாவது எந்த சேனலை எவ்வளவு பேர் பார்க்கிறார்கள் என்ற ரேட்டிங், அதுதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்றும் நிறையப் பேர் சொல்வார்கள். மும்பை டி.ஆர்.பி. மோசடிப் புகாருக்குப் பிறகு 2020 அக்டோபரிலிருந்து 2022 மார்ச் வரைக்கும் செய்தி சேனல்களுக்கு ரேட்டிங்கே வெளியிடவில்லை. அந்த ஒன்றரை வருடத்தில் விவாத மேடையில் சத்தம் குறைந்ததாக யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா? எனக்கு இல்லை. நாலு பேரைக் கூப்பிட்டு உட்கார வைப்பதற்கு ஆகும் செலவு, ஒரு நிருபரைக் கேமராவோடு சிவகிரிக்கு அனுப்பி நாலு நாள் தங்க வைப்பதைவிட ரொம்பக் குறைவு. ரேட்டிங் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்தக் கணக்கு மாறாது.

பொண்ணே, தம்பி போகும்போது பின்பக்கத்துக்கு மட்டும் இல்லாமல் காலி சைட்டைப் பார்த்த மாதிரியும் ஒரு லைட் போடச் சொல்லுங்கள். ஸ்டேஷன் நம்பரைக் காலண்டரில் பெரிதாக எழுதி மாட்டச் சொல்லுங்கள். அடுத்த ஃபார்வர்டு வந்தால் லிங்க் வேண்டாம், குரூப்பில் பதிலும் வேண்டாம். போன் போட்டு, "இது எந்த ஊர்லப்பா, என்னைக்கு நடந்துச்சு?" என்று மட்டும் கேளுங்கள். எங்கே ஏறினே, எங்கே இறங்கணும் என்று கேட்டே பழகினவர். அவரே விசாரிக்க ஆரம்பித்துவிடுவார். ஒருவேளை ஆரம்பிக்காவிட்டாலும் பத்து நிமிஷம் பேசின மாதிரி ஆச்சு.

எட்டு மணி விவாதத்துக்கு மட்டும் என்னிடம் மருந்து இல்லை. என் வீட்டிலேயே ஓடுகிறது, ரிமோட் வீட்டம்மா கையில்.